வெண்கலத்தின் வயிற்றில் ஒரு நீலச் சட்டை

அஞ்சலட்டையின் முதல் ப்ரூஃபை, அதாவது மாதிரி அச்சை, மேசைமேல் வைத்ததும் அக்கா அதை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"தம்பி, முழங்கால் எங்க போச்சு?"

முழங்கால் இருந்தது. என் கணினித் திரையில் பளிச்சென்று இருந்தது. தாளில்தான் காணோம். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண், 62 செ.மீ. உயரம், பழுப்புக் கறுப்பாகப் பூச்சேற்றிய வெண்கலம். அட்டையில் அது தலைமுடி வைத்த ஒரு கரித்துண்டு போல இருந்தது.

அக்கா சிற்பி. சுட்டமண், வெண்கலம், கல், எப்போதாவது பிளாஸ்டர். கண்காட்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோரால் சிற்பம் வாங்க முடியாது, வாங்கினாலும் வைக்க இடம் இருக்காது. கையோடு கொண்டுபோக ஏதாவது கொடுக்க வேண்டும், பட அஞ்சலட்டை போடலாமே என்றார். "உன்கிட்டதான் கேமரா இருக்கே" என்பதோடு திட்டமிடல் முடிந்துவிட்டது. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நானும் நினைத்தேன். இரண்டரை மாதம் ஆனது. அதில் நான் செய்த தவறுகளைத்தான் பெரும்பாலும் இங்கே எழுதுகிறேன். சரியாக வந்தவற்றில் சொல்ல அவ்வளவு இல்லை.

ஓவியத்தை அட்டையாக்குவது சுலபம். அதுவும் தட்டை, இதுவும் தட்டை. சிற்பத்துக்கு முன்பக்கம் என்று ஒன்று இருப்பதாக நாமே முடிவு செய்துகொள்கிறோம். அக்காவின் பட்டறையில் களிமண் வேலைக்கான சுழல் பலகை ஒன்று இருக்கிறது. சிறிய சிற்பங்களை அதன்மேல் வைத்து 15 டிகிரிக்கு ஒரு படம் வீதம் 24 படம் எடுத்தேன். பெரியவற்றுக்கு நானே கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றிவந்தேன். ஒவ்வொரு சிற்பத்தின் 24 படங்களையும் ஒரே தாளில் சின்னச் சின்னதாக அச்சிட்டு அவரிடம் கொடுத்து, எந்தப் பக்கம் வேண்டும் என்று பென்சிலால் வட்டம் போடச் சொன்னேன். நானும் தனியாக ஒரு பிரதியில் போட்டுக்கொண்டேன்.

ஒன்பது சிற்பங்களில் இரண்டில்தான் ஒத்துப்போனோம். உட்கார்ந்த பெண்ணுக்கு நான் முகம் தெரியும் பக்கத்தைக் குறித்திருந்தேன். அவர் குறித்தது முதுகுப் பக்கம், கொஞ்சம் சாய்வாக. முகத்தில் காதும் கன்னத்தின் ஓரமும் மட்டும் தெரியும். "அவ எதையோ மறைக்கிறா. முன்னாடி நின்னு எடுத்தா மறைக்கிறது எப்படித் தெரியும்?" என்றார். அதற்குமேல் வாதாட எனக்கு ஒன்றும் இல்லை. இத்தாலியச் சிற்பி மெதார்தோ ரோஸ்ஸோ தன் சிற்பங்களைத் தானே படமெடுத்து, வெட்டி, மறுபடி மறுபடி அச்சிட்டுப் பார்த்தவர். எங்கிருந்து பார்க்க வேண்டும் என்பதும் தன் வேலையின் ஒரு பகுதி என்று நினைத்தவர். அக்காவும் அந்த ரகம்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. அதன்பிறகு கோணத்தில் நான் தலையிடவில்லை. வெளிச்சத்தில் மட்டும் சண்டை போட்டேன்.

படமெடுத்ததில் முதல் தவறு, கிட்டப்போய் எடுத்தது. பட்டறையில் இடம் குறைவு என்று 35 மி.மீ. லென்ஸைப் போட்டு 80 செ.மீ. தூரத்தில் நின்று எடுத்தேன். முன்னால் இருந்த முழங்கால் பூசணி போல வீங்கியது, பீடம் கீழே குறுகிக்கொண்டு போனது. படத்தைப் பார்த்ததும் அக்கா, "இது என் சிற்பம் இல்ல, அதோட தங்கச்சி" என்றார். கதவைத் திறந்து வைத்து, முக்காலியின் பின்கால் வாசற்படியில் நிற்க, 100 மி.மீ. லென்ஸோடு 2.5 மீட்டர் தள்ளிப் போனேன். கேமரா சிற்பத்தின் பாதி உயரத்தில். அளவுகள் சரியாகிவிட்டன. முழுச் சட்ட (ஃபுல் ஃப்ரேம்) சென்சாரில் லென்ஸ் துளையை எஃப் 11இல் வைத்தால் அந்தத் தூரத்தில் சுமார் 40 செ.மீ. ஆழத்துக்குத் தெளிவு கிடைக்கும். சிற்பத்தின் ஆழம் 28 செ.மீ.தான். பல படங்களை அடுக்கி ஒட்டும் வித்தையெல்லாம் தேவைப்படவே இல்லை. ஒளியுணர்திறன் (ஐ.எஸ்.ஓ.) 100, இரண்டு நொடி திறப்பு, டைமர். யாரும் தரையில் நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது தவறு வேடிக்கையானது. மெருகேற்றிய வெண்கலத்தில் முட்டை வடிவச் சிற்பம் ஒன்று உண்டு, கைக்குள் அடங்கும் அளவு. எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதன் வயிற்றில் ஒரு நீலப் பொட்டு. இன்னும் பெரிதாக்கினேன். நான்தான். முக்காலி, குனிந்த தலை, நீலச் சட்டை, பின்னால் திறந்த கதவு, கதவுக்கு வெளியே ஒரு செருப்பு ஜோடி கூட. மெருகேற்றிய உலோகத்துக்கென்று சொந்த நிறம் கொஞ்சம்தான். எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். ஆகவே சிற்பத்துக்கு வெளிச்சம் போடுவதைவிட, சிற்பம் எதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது என்பதை ஒழுங்குபடுத்துவதுதான் வேலை. கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டுக் கேமராவுக்கு முன்னால் தொங்கவிட்டேன். கறுப்புச் சட்டைக்கு மாறினேன். ஒரு பக்கம் மரச்சட்டத்தில் டிரேசிங் தாளை விரித்து ஒட்டி, அதன் பின்னால் எல்.இ.டி. விளக்கு. மறுபக்கம் தெர்மாகோல் பலகை. தாளும் பலகையும் சேராத இடுக்கில் கறுப்புத் துணித் துண்டு. அந்தக் கறுப்புத் துண்டு முட்டையின் ஓரத்தில் ஒரு மெல்லிய கரிய கோடாகத் தெரிந்தது. அது இல்லாமல் எடுத்தால் ஓரம் பின்னணியில் கரைந்துவிடுகிறது. அதுதான் உருவத்துக்கு விளிம்பு தந்தது.

விளக்கை டிரேசிங் தாளுக்கு நெருக்கமாக வைத்தால் நடுவில் பிரகாசமாகவும் ஓரம் போகப்போக மங்கலாகவும் ஒளி படர்கிறது. பின்னால் தள்ளினால் தாள் முழுக்க ஒரே சீராக எரிகிறது. முதல் வகையில் முட்டை உருண்டையாகத் தெரிந்தது. இரண்டாவதில் ஜன்னல் ஒட்டிய முட்டையாகத் தெரிந்தது. இதற்காக ஒரு முழு மாலை விளக்கை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

பளபளப்பே தொல்லை, அதை ஒழித்துவிடலாம் என்றும் ஒரு நாள் தோன்றியது. விளக்குக்கு முன்னால், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் தாள் ஒன்று, லென்ஸில் குறுக்குவாட்டில் இன்னொன்று. மினுக்கு எல்லாம் போய்விட்டது. வெண்கலமும் போய்விட்டது. மங்கிய பழுப்பு பிளாஸ்டிக் ஒன்றுதான் மிச்சம். அப்போதுதான் ருமேனியச் சிற்பி பிரங்குசியின் படங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அவர் தன் சிற்பங்களைப் பிறர் எடுத்த படங்களில் திருப்தியடையாமல், புகைப்படக் கலைஞர் மேன் ரேயிடம் கேமரா வேலையைக் கற்றுக்கொண்டு தானே எடுக்க ஆரம்பித்தவர். மெருகேற்றிய வெண்கலத்தில் ஒளி வெடித்து உருவத்தையே விழுங்கும் படங்களையும் அவர் ஒதுக்கவில்லை. போலரைசரைக் கழற்றிவிட்டு, ஒரே ஒரு இடத்தில் ஒளி வெள்ளையாகவே எரியட்டும் என்று விட்டேன். அக்காவுக்குப் பிடித்த அட்டை இன்றைக்கும் அதுதான்.

பிளாஸ்டர் சிற்பம் நேர் எதிர்ப் பிரச்சினை. எந்த விளக்கைப் போட்டாலும் வெள்ளை வெளுத்துப்போய், முகத்தின் நெளிவு எல்லாம் மறைந்தது. பிரெஞ்சுச் சிற்பி ரோதேன், நாவலாசிரியர் பால்சாக்குக்குச் செய்த சிற்பத்தின் பிளாஸ்டர் வடிவத்தைப் பாரிஸ் அருகே மெதோனில் வெளியே வைக்க, 1908இல் புகைப்படக் கலைஞர் ஸ்டைக்கன் அதை நிலா வெளிச்சத்தில் லென்ஸை நீண்ட நேரம் திறந்துவைத்து எடுத்தார். நிலாவுக்குக் காத்திருக்கும் பொறுமை எங்களுக்கு இல்லை. சூரியன் மறைந்து இருபது நிமிடம் கழித்துச் சிற்பத்தை வாசலுக்குக் கொண்டுவந்தோம். வானம் முழுக்க ஒரே மென்மையான விளக்கு. ஒரு பக்கம் கறுப்புத் துணி பிடித்ததும் மூக்கும் கண்குழியும் எழுந்து வந்தன. எட்டு நொடி வீதம் நாலு படம் எடுப்பதற்குள் இருட்டிவிட்டது, கொசு வேறு. நாலில் ஒன்று தேறியது.

சுட்டமண் துண்டுகளுக்குப் பக்கவாட்டில் தாழ்வாக ஒரு விளக்கு, வேறொன்றும் தேவையில்லை. விரல் ரேகை வரைக்கும் தெரியும்.

தூக்கி வைக்கும்போது நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டோம். வெண்கலத்தில் விரல் பட்ட இடத்தில் வியர்வை உப்பு நாளடைவில் தடம் பதித்துவிடும். பருத்திக் கையுறை வழுக்கும். ஒரு தடவை வழுக்கியது. அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

இனி அச்சு. அட்டை அளவு ஏ6, அதாவது 148க்கு 105 மி.மீ. முட்டைச் சிற்பத்துக்குச் சதுர அட்டை போட ஆசைப்பட்டேன். உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி அஞ்சலட்டையின் நீளம் அகலத்தைப்போல் குறைந்தது 1.4 மடங்காவது இருக்க வேண்டும். ஏ6 அந்தக் கணக்கில் மயிரிழையில் தேறுகிறது, சதுரம் தேறாது. அஞ்சலில் போக முடியாத அஞ்சலட்டை எதற்கு என்று விட்டுவிட்டேன். அங்குலத்துக்கு 300 பிக்சல் (பி.பி.ஐ.) வீதம் ஏ6 என்றால் 1748க்கு 1240 பிக்சல். வெட்டும்போது விளிம்பில் வெள்ளை தெரியாமல் இருக்க நான்கு பக்கமும் கூடுதல் படம் வேண்டும். பொதுவாக 3 மி.மீ. விடுவார்கள். அச்சுக்குப் போகும் பெரிய எஸ்.ஆர்.ஏ3 தாள் 450க்கு 320 மி.மீ. அதில் எட்டு அட்டைகளை அடுக்கிப் பார்த்தால் 3 மி.மீ. கூடுதலோடு இடம் மிகவும் இறுக்கமாக இருந்தது. 2 மி.மீ.க்குக் குறைத்ததும் உட்கார்ந்தது. ஆக ஒரு தாளுக்கு எட்டு. எங்களிடம் இருந்தது ஒன்பது சிற்பம். ஒன்றுக்காக இன்னொரு தாள் போடுவதா என்று யோசித்து, பெரிய கல் சிற்பத்தை நீக்கினோம். கலை வரலாற்றில் எத்தனை தேர்வுகள் தாளின் அளவால் நடந்திருக்குமோ.

முதல் ப்ரூஃபுக்குப் பூச்சில்லாத தடித்த தாளைத்தான் தேர்ந்தெடுத்தேன். தொட்டால் கையில் நிற்கும், ஒரு கண்ணியமான தாள். விளைவுதான் ஆரம்பத்தில் சொன்னது. பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சும். படத்தை உண்டாக்கும் பொடி மைப்புள்ளிகள், அதாவது திரைப்புள்ளிகள், ஒவ்வொன்றும் கொஞ்சம் வீங்கும். அச்சுக்காரர்கள் இதை டாட் கெயின் என்பார்கள். வெளிச்சமான இடத்தில் புள்ளிகளுக்கு நடுவே இடம் நிறைய இருப்பதால் பெரிதாகத் தெரியாது. கரிய இடத்தில் ஏற்கெனவே சின்னஞ்சிறு வெள்ளை இடைவெளிகள்தான் மிச்சம், வீக்கத்தில் அவையும் அடைபடும். முழங்காலை முழங்காலாகக் காட்டிக்கொண்டிருந்தது அந்த வெள்ளைதான். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன், முழங்கால் இருந்த இடத்தில் மை குளமாக நின்றது.

இரண்டாவது ப்ரூஃப் சதுர மீட்டருக்கு 350 கிராம் (ஜி.எஸ்.எம்.) எடையுள்ள, பூச்சுள்ள அட்டையில், இரண்டு பக்கமும் மினுக்கில்லாத மெல்லிய பிளாஸ்டிக் உறை (மேட் லேமினேஷன்). படம் அற்புதமாக வந்தது. முழங்கால், விரல் இடுக்கு, வலது தோளில் அக்கா உளியால் வேண்டுமென்றே விட்ட கீறல், எல்லாம். வெற்றி என்று நினைத்து, பின்பக்கம் என் முகவரியை ஜெல் பேனாவில் எழுதிக் கட்டைவிரலால் தடவினேன். முகவரி நீலப் புகையாக மாறியது. பால்பாயிண்ட் பேனா பல்லியைப் போல் வழுக்கிக்கொண்டு போனது. மை ஊற்றும் பேனாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், துளித்துளியாக நின்றது. எழுத முடியாத அட்டையைப் படம் என்று சொல்லலாம், அஞ்சலட்டை என்று சொல்ல முடியாது. 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியில் வெளிவந்த முதல் அதிகாரபூர்வ அஞ்சலட்டையில் படமே கிடையாது. எழுத ஒரு பக்கம், முகவரிக்கு ஒரு பக்கம். பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, செய்திக்கும் முகவரிக்கும் பங்கு கொடுத்தது 1902இல் பிரிட்டனில். அதனால்தான் முன்பக்கம் முழுக்கப் படத்துக்குக் கிடைத்தது. நான் அந்தப் பின்பக்கத்தையே மறந்துவிட்டு அட்டை போட்டிருக்கிறேன்.

மூன்றாவது தடவை ஒரு பக்கம் மட்டும் பூச்சுள்ள போர்டு. முன்பக்கம் வழவழ, பின்பக்கம் சொரசொர. இதற்கும் ஒரு குணம் உண்டு. ஈரம் ஏறினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விரியாது, அட்டை லேசாக வளையும். அச்சாகி வந்ததும் கட்டுக்கட்டாக வைத்து மேலே கனமாக எதையாவது ஏற்றிவிட வேண்டும். கனமாக எதையாவது என்றால் சிற்பியின் பட்டறையில் பஞ்சமா.

கோப்பிலும் மாற்றம் செய்தேன். அச்சகத்தின் தாள் புரொஃபைலை, அதாவது அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பை, வாங்கிப் போட்டு, திரையிலேயே அச்சு எப்படி வரும் என்று பார்த்தபடி, வெண்கலத்தின் நிழல்களை மட்டும் தூக்கினேன். திரையில் பார்த்தால் கொஞ்சம் வெளிறித் தெரியும், பயப்படக் கூடாது. பின்னணியையும் திருத்த வேண்டியிருந்தது, அதற்காகப் படத்தையே திரும்ப எடுத்தேன். சாம்பல் தாளைச் சுவரிலிருந்து மேசை வரை வளைத்து இறக்கி, சிற்பத்தின் வெளிச்சமான பக்கத்துக்குப் பின்னால் தாள் இருட்டாகவும், நிழல் பக்கத்துக்குப் பின்னால் சற்று வெளிச்சமாகவும் இருக்கும்படி ஒரு சின்ன விளக்கு. கணினியில் எவ்வளவு இழுத்தும் வராத உருண்டைத் தன்மை இதில் தானாக வந்தது.

பிளாஸ்டர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கியிருந்தேன். அச்சின் நான்கு நிற மையையும் கலந்து சாம்பலை உண்டாக்கினால் ஒரு தாளில் இளஞ்சிவப்பாகவும் அடுத்ததில் பச்சையாகவும் சாய்கிறது. நல்ல சிற்பப் புத்தகங்களில் கறுப்போடு ஒரு தனிச் சாம்பல் மையைச் சேர்த்து இரண்டு மையால் அடிப்பார்கள். எங்கள் சின்ன எண்ணிக்கைக்கு அது கட்டாது. சாம்பலின் பெரும்பங்கைக் கறுப்பு மையே சுமக்கும்படி கோப்பைப் பிரித்துக் கொடுத்தேன். சாய்வு அநேகமாக நின்றுவிட்டது.

மற்ற எல்லாவற்றையும்விட என்னை வெட்கப்பட வைத்தது எழுத்து. பின்பக்கத்தில் பெயர், ஆண்டு, ஊடகம், அளவு ஆகியவற்றை அடக்கமாக இருக்கட்டும் என்று 7 பாயிண்ட் அளவில் 60 சதவீதக் கறுப்பில் வைத்தேன். வந்த ப்ரூஃபில் 'சுட்டமண்' என்பது 'சுடடமண' என்று இருந்தது. ஆங்கிலத் தலைப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கறுப்பைக் குறைத்தால் அச்சு எந்திரம் எழுத்தைத் திரைப்புள்ளிகளாக உடைக்கும். எழுத்தின் மேலிருக்கும் நம் புள்ளி அந்தத் திரைப்புள்ளிகளுக்கு இடையே விழுந்து தொலைந்துவிட்டது. உருப்பெருக்கியில் தேடினால் ஒன்றிரண்டு பொடிகள், எது மெய்யெழுத்தின் புள்ளி, எது எந்திரத்தின் புள்ளி என்று சொல்ல முடியவில்லை. முழுக் கறுப்பு, ஒரே மை, 8 பாயிண்ட் என்று மாற்றினேன். புள்ளிகள் திரும்பி வந்தன.

அளவு எழுதுவதில் உயரம், அகலம், ஆழம் என்ற வரிசையை வைத்துக்கொண்டோம். அளவு கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அட்டையில் எல்லாச் சிற்பமும் ஒரே உயரம். 11 செ.மீ. சுட்டமண் தலையும் 62 செ.மீ. வெண்கலமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சம உயரத்தில் முறைக்கின்றன. உண்மை விகிதத்தில் சின்னதாக்கிப் பார்த்தேன், தலை ஒரு பட்டாணி ஆனது. கடைசியில் சின்னவற்றைச் சுற்றி வெற்றிடத்தைக் கூட்டி, கீழே மேசையின் மர நரம்பு கொஞ்சம் தெரியும்படி விட்டேன். மர நரம்பைப் பார்த்ததும் கண் தானாக அளவைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது.

சிற்பத்தின் உரிமை அக்காவுடையது, படத்தின் உரிமை என்னுடையது, இரண்டும் வேறு. இரண்டு வரியில் ஒரு கடிதம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். நெருங்கியவர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்று அவர் சிரித்தார். நெருங்கியவர்களுக்குள்தான் வேண்டும்.

அட்டைக்குப் போகாத 200க்கும் மேற்பட்ட கோணங்களையும் மூலக் கோப்பாகவே இரண்டு இடத்தில் சேமித்து வைத்திருக்கிறேன். அக்காவின் பழைய சுட்டமண் உருவம் ஒன்று சூளையிலேயே வெடித்துப்போனது. சூளைக்குப் போகும் முன் யாரோ எடுத்த, மங்கலான, விரல் பாதி மறைத்த ஒரு படம்தான் அதற்கு இப்போது உடம்பு. ஆங்கிலச் சிற்பி பார்பரா ஹெப்வொர்த் 1932இல் அலபாஸ்டர் கல்லில் முதன்முதலாகத் துளையிட்டுச் செய்த சிற்பம் இரண்டாம் உலகப்போரில் அழிந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டுச் சிற்பக்கலையில் அவ்வளவு பேசப்படும் அந்தத் துளையை இன்றைக்குப் படத்தில்தான் பார்க்க முடியும். அந்தப் படத்தை எடுத்தவர் சரியான கோணத்தில் நிற்காமல் போயிருந்தால் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

இறுதி அச்சுக்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன், இதை மட்டும் எல்லாருக்கும் சிபாரிசு செய்கிறேன். ப்ரூஃப் அட்டைகளில் மூன்றுக்கு அஞ்சல்தலை ஒட்டி, உறையில் போடாமல், என் முகவரிக்கே அனுப்பினேன். இரண்டு வந்து சேர்ந்தன. முட்டை நன்றாக இருந்தது. உட்கார்ந்த பெண் அட்டையில் நான்கு மூலையும் உரசி, கரும்பின்னணியில் வெள்ளை நார் தெரிந்தது. முதுகில் அஞ்சல் பிரிக்கும் எந்திரத்தின் உருளை ஒரு சாம்பல் கோட்டை இழுத்திருந்தது. பின்பக்கத்தின் கீழ் விளிம்பில், நான் ஊடகமும் அளவும் எழுதியிருந்த இடத்தின் மேலேயே வரிசைக் குறியீடு அடித்திருந்தார்கள். தலைப்பை மேலே ஏற்றி, கீழே 16 மி.மீ.யை வெறுமையாக விட்டேன். கரும்பின்னணி உள்ள மூன்று அட்டைகளுக்கும் சுற்றி 5 மி.மீ. வெள்ளை விளிம்பு கொடுத்தேன். மூலை உரசினாலும் வெள்ளையில் வெள்ளை, தெரியாது.

அந்த உரசிய அட்டையை அக்காவிடம் காட்டி, அச்சு வந்ததும் நல்லது ஒன்று தருகிறேன், இதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. சாம்பல் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பட்டறைச் சுவரில் ஆணிக்குப் பக்கத்தில் செருகினார். முதுகு வெளியே தெரியும்படி.

"இவளுக்கு இது பொருந்துது" என்றார். "அந்தக் கல்ல எப்ப எடுக்கப்போற? மழை பெய்யட்டும், நனைஞ்சாத்தான் அதுக்கு நிறம்."

தார்ப்பாய்க்குக் கீழே கேமராவை எங்கே கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.